உண்ணாமலை பேசிய பையன்

சென்ற பௌர்ணமிக்கு மறுநாள் காலையில் செல்வியிடமிருந்து போன் வந்தது. "மாமா, அம்மா போயிட்டாங்க" என்றாள். கிரிவலம் முடித்த கூட்டம் இன்னும் கலையாததால் ஆட்டோ நகரவில்லை. இறங்கி நடந்தே போனேன். பேருந்து நிலையத்தைக் கடக்கும்போது ஒலிபெருக்கியில் யாரோ ஒரு பெண் வேலூர் பஸ், விழுப்புரம் பஸ் என்று அறிவித்துக்கொண்டிருந்தார். அந்த இடத்தில் என்னால் சிறிது நேரம் நிற்க மட்டுமே முடிந்தது.

உண்ணாமலை அக்காவின் முகத்தை அறிந்தவர்கள் நம் ஊரில் குறைவு. குரலை அறியாதவர்கள் அதைவிடக் குறைவு. கீழ்பென்னாத்தூர் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். கணவர் இறந்தபின் மகள் செல்வியோடு நகரத்துக்கு வந்து, பேருந்து நிலைய அறிவிப்பாளராகப் பல வருடம் இருந்தார். தீபத் திருவிழா வந்தால் காணாமல் போனவர்களைப் பற்றிய அறிவிப்பும் அவருடையதுதான்.

நான் அவரைச் சந்தித்தது அப்படி ஒரு தீபத்தன்று மதியம். ஐந்து வயதான என் மகள் கூட்டத்தில் கை நழுவிவிட்டாள். பைத்தியம் பிடித்தவன்போல் தேடிக்கொண்டிருந்தபோது ஒலிபெருக்கியில் என் பெயர் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால், மகள் அறிவிப்பு மேசைக்கு அடியில் குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்தாள். "அப்பா, அந்த அண்ணன் எங்க போச்சு?" என்றாள்.

அண்ணன் யாரும் அங்கே இல்லை. அழுகையில் பெயர் சொல்ல மறுத்த குழந்தையிடம், முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரு பையனின் குரலில் அக்கா பேசியிருக்கிறார். அதை எனக்கும் பேசிக் காட்டினார்: "ஏய், நானும் காணாமப் போனவன்தான். எங்கப்பா எங்கன்னே தெரியல. உங்கப்பா பேரு என்னா? ரெண்டு பேரையும் சேத்துக் கூப்புடச் சொல்லலாம்." நாற்பதைத் தாண்டிய ஒரு பெண்மணியின் வாயிலிருந்து, உடையத் தொடங்கும் வயதில் இருக்கும் பையனின் குரல். மகள் கிடைத்த நிம்மதியிலும் நான் அதைக் கவனித்தேன். கவனிக்கக் காரணம் இருந்தது.

அது தொண்ணூறுகளின் கடைசி. செங்கம் சாலையில் ஒரு சிறிய அறை எடுத்து நான் மொழிபெயர்ப்பு செய்துவந்தேன். சென்னையில் ஒரு ஒலிப்பதிவுக்கூடத்துக்காக வெளிநாட்டுக் கார்ட்டூன் தொடர்களுக்குத் தமிழ் வசனமும் எழுதினேன். அப்போது கையில் இருந்தது கிரேக்கப் புராணத்து வீரன் ஒருவனைப் பற்றிய தொடர். அவனைப் பற்றி முன்பே ஒரு முழுநீளக் கார்ட்டூன் படம் வந்திருந்தது. அதிலிருந்து கிளைத்த இந்தத் தொலைக்காட்சித் தொடர், அவன் வீரனாவதற்கு முந்தைய பள்ளிப் பருவத்தைச் சொன்னது. பாதி தேவன், பாதி மனிதன், பதினைந்து வயது, தொட்டதெல்லாம் உடைந்துவிடும் பலம். அவனுக்குக் குரல் கிடைக்காமல் சென்னையில் தவித்துக்கொண்டிருந்தார்கள்.

அக்காவை அழைத்துப் போனபோது ஒலிப்பதிவாளர் என்னைத் தனியே இழுத்து, "என்ன சார், விளையாடுறீங்களா?" என்றார். அக்காவுக்கு அது கேட்டிருக்க வேண்டும். செருப்பைக் கழற்றிவிட்டுக் கண்ணாடி அறைக்குள் போனார். பள்ளிக்கூடத்துத் தூண் ஒன்றைத் தெரியாமல் உடைத்துவிட்டு அந்தப் பையன் ஆசிரியர் முன் நிற்கும் காட்சி. நான் எழுதியது ஒரே வரி. அதைப் பேசுவதற்கு முன்னால் அக்கா எச்சிலை விழுங்கினார், ஒரு சின்ன சத்தம் வந்தது. பிறகுதான் பேசினார். ஒலிப்பதிவாளர் மறுபடி பேசச் சொல்லவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில், செஞ்சி தாண்டியபிறகு சொன்னார்: "பலம் ஜாஸ்தியா இருக்கறது பெரிய விஷயம் இல்ல சார். தன் கை எதை ஒடைக்கும்னு அவனுக்கே தெரியல பாருங்க. கூட்டத்துல கையக் கட்டிக்கினே நிப்பான் அவன். பாவம்."

என் வசனங்களோடு அவர் சண்டை போடாத வாரம் இல்லை. அந்தப் பையனின் தந்தை தேவர்களுக்கெல்லாம் அரசன், மலையுச்சியில் இருப்பவன். ஆகவே 'தந்தையே, தங்கள் மகன் தோற்றுவிட்டேன்' என்று எழுதியிருந்தேன். அக்கா தாளைக் கீழே வைத்தார்.

"பள்ளிக்கூடத்துப் பையன் இப்படியா பேசுவான்?"

"சாமிகிட்ட பேசறான்க்கா."

"சாமியா இருந்தாலும் அவனுக்கு அப்பன்தானே? மலைமேல அப்பா, கீழ புள்ள. அண்ணாமலையப் பாத்து வளந்தவளுக்கு நீ இத சொல்லித் தரணுமா?"

அந்த வரி 'அப்பா, தோத்துட்டேம்பா' என்று ஆயிற்று. அன்றைக்குத்தான் 'சார்' போய் நான் 'தம்பி' ஆனதும்.

இனி எழுதப்போவதை எழுதாமல் விட்டால் இந்த அஞ்சலி பொய்யாகிவிடும்.

தொடரின் இரண்டாம் வருடத்தில் அவர் குரல் கரகரத்தது. சளி என்றார். வெந்நீர் குடித்தார், மிளகு மென்றார். சென்னைக்குப் போன ஒருநாள், ஒலிப்பதிவுக்கு முன் ஒரு மருத்துவமனைக்குத் துணைக்கு வரச் சொன்னார். மருத்துவர் சுற்றி வளைக்கவில்லை. குரல்வளையில் புற்று. அறுவை செய்தால் குரல்வளையையே எடுக்க வேண்டியிருக்கும். உடனே சேர்ந்துவிடுங்கள், தள்ளிப்போட்டால் பரவக்கூடும் என்றார்.

வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம். "இன்னும் எத்தினி பாகம் இருக்குது?" என்று கேட்டார். ஒரு மாத வேலை இருந்தது. சொன்னேன்.

"முடிச்சிட்டுப் போயி படுத்துக்கறேன். செல்விகிட்டயும் ஸ்டுடியோவுலயும் வாயத் தொறக்காத."

"அக்கா, வேற யாராவது பேசட்டும்க்கா."

"வேற கொரலு வந்தா பசங்க எழுந்து போயிடும். அவன் பள்ளிக்கூடம் முடிக்கறவரைக்கும் நான் கூட இருக்கறேன். எப்படியும் போவப் போற கொரலுதானே தம்பி. அவன்கிட்ட குடுத்துட்டுப் போறேன்."

நான் வாயைத் திறக்கவில்லை. அவர் விருப்பத்தை மதித்தேன் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தக் குரல் எனக்கும் தேவைப்பட்டது என்பதும் உண்மை. நான் எழுதிய தமிழுக்கு அதற்கு முன்னாலோ பின்னாலோ அப்படி உயிர் வந்ததில்லை.

சளி என்று சொல்லிப் பேருந்து நிலைய வேலைக்கு விடுப்பு எடுத்தவர், அந்த மாதம் முழுவதும் மற்ற நேரங்களில் பேசுவதையே நிறுத்திவிட்டார். கைச்சாடையில் தண்ணீர் கேட்பார். கண்ணாடி அறைக்குள் போனால் மட்டும் பையன் பேசுவான். கரகரப்பு தெரியத்தான் செய்தது. 'பையன் வளர்ந்துவிட்டான், குரல் உடைகிறது' என்று ஒலிப்பதிவாளர் பாராட்டினார். நானும் தலையாட்டினேன். கடைசிப் பாகம் முடிந்ததும், வெளியே வந்து செருப்பைப் போட்டுக்கொண்டே அவர் சொன்னது இரண்டே வார்த்தைகள். "பாஸ் பண்ணிட்டான்."

அறுவை முடிந்த அன்று செல்வி மருத்துவமனை வராந்தாவில் என் முன்னால் வந்து நின்றாள்.

"உங்களுக்குத் தெரியுமா மாமா?"

"தெரியும்மா."

"எத்தினி நாளா?"

"ஒரு மாசமா."

அவள் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். "எங்கம்மா என்னைப் பேரு சொல்லிக் கூப்புட்டு ஒரு மாசம் ஆச்சு. எனக்குத் தெரிஞ்சிருந்தா கூடவே ஒக்காந்து கேட்டுக்கினு இருந்திருப்பேனே" என்றாள். அதன்பின் இரண்டு வருடம் அவள் என்னோடு பேசவில்லை.

அக்கா பேச்சில்லாமல் ஆறு வருடம் இருந்தார். சேலைத் தலைப்பால் கழுத்தை மூடியிருப்பார். சொல்ல வேண்டியதை ரூல் போட்ட நோட்டில் எழுதிக் காட்டுவார். ஒருநாள் மாலை நான் போயிருந்தபோது தொடரை மறு ஒளிபரப்பு செய்துகொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் அக்கா. திரையில் பையன் பேசும்போதெல்லாம் இவர் உதடுகளும் அசைந்தன. ஒரு எழுத்து பிசகவில்லை. ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி தற்செயலாகத் திரும்பிப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள். "ஏய்! இந்த ஆயா வாய ஆட்டுனாதான் அவன் பேசறான்!" என்று கூவினாள். எல்லாப் பிள்ளைகளும் திரும்பினார்கள். அக்கா வெட்கப்பட்டுத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். திரையில் பையன் பேசிக்கொண்டே இருந்தான். "நிறுத்துனாலும் பேசறானே" என்று ஏமாற்றத்தோடு சொல்லிவிட்டு அந்தச் சிறுமி திரும்பிக்கொண்டாள்.

அக்காவின் கண்கள் நிறைந்திருந்தன. அழுகையா சிரிப்பா என்று எனக்குத் தெரியவில்லை.

இந்த வருடம் நோய் மறுபடி வந்தது, நுரையீரலில். சென்ற மாதம் அவர் கட்டிலருகே உட்கார்ந்து, இத்தனை வருடம் கேட்காததைக் கேட்டுவிட்டேன். அன்றைக்கே செல்வியிடம் சொல்லியிருந்தால் இது வந்திருக்காதோ என்று கேட்டேன். அவர் நோட்டை எடுத்து நெடுநேரம் எழுதினார். எழுதி முடிப்பதற்குள் களைத்துத் தூங்கிவிட்டார். நான் அதைப் படிக்காமலே எழுந்து வந்தேன். படிக்கப் பயமாக இருந்தது.

காரியம் முடிந்த அன்று செல்வி அந்தப் பக்கத்தைக் கிழித்து என் கையில் கொடுத்தாள். "நானும் படிச்சிட்டேன் மாமா. நீங்களே வச்சிக்குங்க" என்றாள்.

ஒலிநாடாக்கள் எங்கே போயினவோ, ஒலிப்பதிவுக்கூடம் இன்று இல்லை. அக்காவின் குரல் என்னிடம் ஒரு வரிகூட இல்லை. இருப்பது அந்தப் பக்கம் மட்டும்தான். கோணல் எழுத்தில் இப்படி இருக்கிறது: 'சொல்லாதேன்னு சொன்னது நான். நீ சொல்லியிருந்தாலும் அப்ப ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க மாட்டேன். செல்விக்குதான் பாவம் செஞ்சேன், உனக்கும் சேத்து. இத சுமந்துக்கினு திரியாத தம்பி. எனக்கு அந்த ஒரு மாசம்தான்'

அதோடு நிற்கிறது. அவர் முடிக்காமல் விட்ட அந்த வாக்கியத்தைச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன்.