ஆம்பிளிபயர் வாங்கப் போய்க் கதவோடு திரும்பிய கதை

பேஸ் பிடில் வாசிக்கிறவனுக்கு இந்த உலகத்தில் மரியாதை கிடையாது. புலம்பலாகச் சொல்லவில்லை, தகவலாகச் சொல்கிறேன். ஆள் உயர வாத்தியத்தை அணைத்துக்கொண்டு மேடை மூலையில் நிற்பான். பாட்டு முடிந்ததும் ஜனங்கள் வயலின்காரரைப் பார்த்துக் கை தட்டுவார்கள். பெரம்பூர் டான்ஸ் பேண்டு ஒன்றில் பதினோரு வருஷமாக நான் இப்படித்தான் நின்றுகொண்டிருக்கிறேன். மற்ற நாளெல்லாம் தோல் மண்டியில் கணக்கு எழுதுகிறேன். சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் நான் மனுஷன்.

யுத்தம் முடிந்த கையோடு எங்கள் கிட்டார்காரன் கல்கத்தாவிலிருந்து எலெக்ட்ரிக் கிட்டாரும், அதற்கு ஒரு வால்வு ஆம்பிளிபயரும் வரவழைத்தான். அன்று பிடித்தது எனக்குச் சனி. நான் வாசிப்பது எனக்கே கேட்கவில்லை. ஜனவரி கடைசியில் பேண்டு மாஸ்டர் தனியாகக் கூப்பிட்டார். "அடுத்த மாசம் பெரிய டான்ஸ் இருக்கிறது. ஹாலில் கடைசி நாற்காலிக்கு உன் பேஸ் கேட்க வேண்டும். இல்லாவிட்டால் டியூபா ஊத ஒரு ஆள் காத்திருக்கிறான்" என்றார். டியூபா என்பது மடியில் வைத்து ஊதும் பெரிய பித்தளைக் குழல். அதற்கு ஆம்பிளிபயர் வேண்டாம், கரண்ட் வேண்டாம். ஊதுகிறவனுக்கு வேளாவேளைக்குச் சோறு போட்டால் போதும்.

எனக்குத் தூக்கம் போயிற்று. அந்தச் சனிக்கிழமைகளை என்னிடமிருந்து எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது தோல் நாற்றம் மட்டும்தான்.

அப்போதுதான் ஆவடியில் பட்டாளத்துச் சாமான்களைத் தள்ளிவிடுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். ஆம்பிளிபயர் எல்லாம் கொத்தவால்சாவடிக் கத்திரிக்காய் மாதிரி குவிந்து கிடக்கிறதாம். ஒரு திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு நானும் என் மனைவி கிரேஸும் புறப்பட்டோம். கிரேஸ் சர்ச் கோரஸில் பாடுகிறவள். காது ரொம்பக் கூர்மை, நாக்கு அதைவிட. பேஸும் கூட வந்தது. வாத்தியம் இல்லாமல் ஆம்பிளிபயர் வாங்குவது காலைக் கொண்டுபோகாமல் செருப்பு வாங்குவது மாதிரி.

பெரம்பூரில் காலை ஏழேகாலுக்குப் பாசஞ்சர். ஆவடிக்கு மூன்றாம் வகுப்பில் தலைக்கு மூன்றணா. பேஸைக் கார்டு வண்டியில் ஏற்ற ஆறணா. அம்பத்தூர் தாண்டியதும் இரண்டு பக்கமும் வயலும் ஏரியுமாக வருகிறது. இடது பக்க ஜன்னலில் உட்காருங்கள், வெயில் படாது என்றுதான் முதலில் எழுதியிருந்தேன். கிரேஸ் படித்துப் பார்த்து, "இடது பக்கம் உக்காந்துதானே என் கழுத்து கருத்துது?" என்கிறாள். ஆகவே உங்கள் சௌகரியம்போல உட்காருங்கள்.

ஆவடியில் என் முகத்தில் கரி பூசிவிட்டார்கள். கேட்டில் நின்ற சிப்பாய் ஒரே வார்த்தையில் முடித்தான். தனிச் சாமான் விற்பனை கிடையாது. வாங்கினால் ஒரு லாரி மொத்தமாக எடுத்துக்கொள்ள வேண்டும், அதுவும் முன்பணம் கட்டியவர்கள் மட்டும். பட்டாபிராம் ரயில் சைடிங்கிலும், முத்தாபுதுப்பேட்டை பக்கத்துக் கிடங்கிலும் இதே விதி. அந்தப் பக்கம் போய் யாரும் வீணாக அலைய வேண்டாம். நான் பேஸைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டேன். எதிரே டீ ஆற்றிக்கொண்டிருந்தவர்தான் வழி சொன்னார். "ரேடியோ சாமானா? அத்தெல்லாம் பூந்தமல்லி காதர் பாய் லாரி போட்டு அள்ளிக்கினு பூட்டாரு நைனா. மசூதியாண்ட மைக் செட் கடை வச்சிக்கினு கீறாரு."

ஆவடியிலிருந்து பூந்தமல்லி ஏழு மைல். ஜட்கா வண்டிக்காரர் பேஸைச் சுற்றி ஒரு தரம் நடந்து வந்தார்.

"இது குந்துமா, படுக்குமா?"

"ஏன்?"

"குந்துனா ஒரு ஆளு சார்ஜ். படுத்தா ரெண்டு ஆளு."

"குந்த வச்சிக்கலாம். நான் புடிச்சிக்கிறேன்" என்றாள் கிரேஸ். பேஸுக்கும் சேர்த்து ஒன்றே கால் ரூபாய். பருத்திப்பட்டு ஏரிக்கரையில் காற்று அருமையாக இருந்தது. எனக்கு ரசிக்க மனசில்லை, சாலைப் பள்ளம் ஒவ்வொன்றிலும் பேஸின் கழுத்து முறிந்துவிடுமோ என்ற பயத்திலேயே ஒன்றரை மணி நேரம் போயிற்று.

காதர் பாய் ஐம்பது வயதுக்காரர், சதா சிரித்த முகம். கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் சவுண்டு செட் வாடகைக்கு விடுகிறார். கடையில் தரையிலிருந்து கூரை வரை பட்டாளத்துச் சாமான். ஒலிபெருக்கி தேர்ந்தெடுக்க அவர் வைத்திருக்கும் முறை விசித்திரமானது, ஆனால் அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் அதுதான் சட்டம். புனல் மாதிரி வாய் அகன்ற குழாய் ஸ்பீக்கரை மாடியில் கட்டிப் பாட்டுப் போடுவார். அவருடைய மருமகன் சைக்கிளில் ஏறிச் சத்தம் தேய்கிற வரை போவான். திரும்பி வந்து எந்த ஊர் எல்லை வரை கேட்டது என்று சொல்வான். அதை வைத்துத்தான் விலை, வாடகை எல்லாம். கல்யாண வீட்டுக்காரர்களும் "எந்த ஊரு வரிக்கும் எட்டும்?" என்றுதான் முதலில் கேட்பார்களாம்.

ஆம்பிளிபயர் தேர்வு சுலபமாக முடிந்தது. பேட்டரியில் ஓடுவதும் இருந்தது, வீட்டுக் கரண்டில் ஓடுவதும் இருந்தது. ஹாலில் வாசிக்கிறவர்களுக்குக் கரண்டு செட்தான் சரி. இரண்டு கரண்டு செட்டில் எது நல்லது என்று சந்தேகம் வந்தால் தூக்கிப் பாருங்கள். கடைசி வால்வுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே இருக்கிற டிரான்ஸ்பார்மர் பெரிதாக இருந்தால்தான் கீழ்ஸ்தாயி கீழ்ஸ்தாயியாக வரும், அதனால் முதுகு வலிக்கிற செட்டே நல்ல செட். வால்வுக் கண்ணாடிக் குமிழின் தலையில் வெள்ளி பூசினாற்போல் பளபளப்பு இருக்க வேண்டும். அது பால் மாதிரி வெளுத்திருந்தால் உள்ளே காற்றுப் புகுந்துவிட்டது, காசு கொடுக்காதீர்கள். நான் எடுத்தது நூற்றுப் பத்து ரூபாய்.

ஸ்பீக்கரில்தான் மாட்டிக்கொண்டேன். செட்டோடு வந்த மைக்கைக் கைக்குட்டையில் சுற்றி, பேஸின் தந்திகளைத் தாங்கும் மரப்பாலத்துக்கு அடியில் செருகினேன். குழாயில் வாசித்தேன். மருமகன் சைக்கிளில் போனான், போன வேகத்தில் வந்தான்.

"நாய் கொலைக்கறதுதான் கேட்டுது மாமா."

நான்கு குழாய் மாற்றினோம். ஒவ்வொன்றும் தகர டப்பாவில் கல்லைப் போட்டு உருட்டின மாதிரி. காதர் பாய்க்கு அவமானமாகிவிட்டது. "இருங்க, நம்ம ஊட்டு ஸ்பீக்கரைக் காட்றேன்" என்று பின்கட்டுக்கு அழைத்துப் போனார். அங்கே சாமான் அறையின் தேக்குக் கதவில் வட்டமாக ஓட்டை போட்டு, காகிதக் கூம்பு வைத்த பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் ஒன்றைப் பதித்திருந்தார். ஆம்பிளிபயரை அதில் இணைத்து ஒரு தந்தியைத்தான் மீட்டினேன். சத்தம் காதுக்கு வருவதற்குள் வயிற்றுக்கு வந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், பதினோரு வருஷத்தில் என் பேஸின் குரலை நான் முதன்முதலாகக் கேட்டேன்.

"இதுதான் வேணும்" என்றேன். இருபது ரூபாய்க்குப் பேசி முடித்தோம். காதர் பாய் திருகாணிகளைக் கழற்றி ஸ்பீக்கரை எடுத்துப் பெஞ்சில் வைத்தார். சாக்கில் கட்டுவதற்கு முன்னால் இன்னொரு தரம் மீட்டினேன்.

ஒன்றுமில்லை. கொசு கத்தினாற்போல் ஒரு முனகல். கம்பி சரியாக இருந்தது, ஆம்பிளிபயரில் வால்வுகள் எரிந்துகொண்டுதான் இருந்தன. எனக்கு ரத்தம் தலைக்கேறியது. ஏதோ செய்துவிட்டீர்கள், நான் பார்க்காதபோது வேறு ஸ்பீக்கரை வைத்துவிட்டீர்கள் என்று குரலை உயர்த்தினேன். காதர் பாயின் சிரிப்பு போய்விட்டது.

"மசூதியாண்ட கடை வச்சிக்கினு பொய் சொல்லுவனா நானு? உன் கண்ணு முன்னாலதானே கயட்டுனேன்?"

கிரேஸ் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். நான் பிடிவாதமாகத் தந்தியை மீட்டி மீட்டிக் காட்டிக்கொண்டிருந்தேன். அப்போது காதர் பாயின் மனைவி ஜுலேகா அம்மாள் உள்ளேயிருந்து வந்தார்.

"கதவுல ஓட்டையத் தொறந்து வுட்டுட்டு இன்னா பஞ்சாயத்து பேசிக்கினு கீறீங்க? பூனை பூந்து கருவாட்டை இஸ்துக்கினு பூடும்!"

பெஞ்சிலிருந்த ஸ்பீக்கரை அப்படியே தூக்கி ஓட்டையை அடைத்தார். நான் கோபத்தில் இன்னும் மீட்டிக்கொண்டுதான் இருந்தேன். உறுமல் அப்படியே திரும்பி வந்தது. அந்த அம்மாள் "யா அல்லா" என்று கையை உதறிக்கொண்டு பின்வாங்க, ஸ்பீக்கர் சாய்ந்தது, உறுமல் போயிற்று. காதர் பாய் பாய்ந்து பிடித்து மறுபடி ஓட்டையில் அழுத்தினார். வந்தது.

நாங்கள் நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சமாசாரம் இதுதான்: காகித ஸ்பீக்கர் முன்பக்கம் தள்ளுகிற காற்றைப் பின்பக்கம் வழியாகவே இழுத்துக்கொள்கிறது. நடுவே ஒரு பெரிய பலகை நின்று தடுத்தால்தான் கீழ்ஸ்தாயி வெளியே வருகிறது. நான் காதர் பாயிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் என் தோளில் தட்டி, "வுடு அண்ணாத்தே, நானே பயந்துட்டேன்" என்றார்.

"அப்ப அந்தக் கதவைத்தான் வாங்கணும்" என்றாள் கிரேஸ்.

காதர் பாய் தயங்கினார். ஜுலேகா அம்மாள் தயங்கவில்லை. "எடுத்துக்கினு போ தங்கச்சி, புண்ணியமா போவும். இவுரு பாட்டுப் போட்டாருன்னா ஜாடியெல்லாம் டான்ஸ் ஆடுது, ஊறுகா ஊற மாட்டேங்குது." தச்சர் வந்து சாயங்காலத்துக்குள் வேறு கதவு மாட்டித் தர வேண்டும் என்பது மட்டும் அவருடைய நிபந்தனை. கதவுக்குப் பன்னிரண்டு ரூபாய், தச்சர் கூலி காதர் பாயுடையது.

கதவைக் கழற்றி, ஸ்பீக்கரை மறுபடி அதில் முடுக்கி, வாசல் சுவரில் சாய்த்தோம். அறையோடு இருந்தபோது வந்ததில் முக்கால் பங்கு வந்தது. காதர் பாய் விடவில்லை, தூரப் பரீட்சை நடந்தே தீர வேண்டும் என்றார். மருமகன் சாப்பிடப் போயிருந்தான். "நான் போறேன்" என்று கிரேஸ் பஜார் தெருவில் இறங்கி நடந்தாள். கூட்டத்தில் அவளுடைய நீலப் புடவை மறைந்தது. நான் வாசித்துக்கொண்டே இருந்தேன். விரல் எரிந்தது. ரொம்ப நேரம் கழித்துத் திரும்பி வந்தாள்.

"கேட்டுதா?" என்று நானும் காதர் பாயும் ஒரே சமயத்தில் கேட்டோம்.

"கேட்டுது" என்றாள். அப்படியே பேஸுக்கு உறை மாட்ட ஆரம்பித்தாள்.

நாலரை மணிக்குப் பூந்தமல்லியிலிருந்து சென்ட்ரலுக்கு, பெட்ரோலுக்குப் பதில் கரிப்புகையில் ஓடும் கரி பஸ். பதினாலு மைல், தலைக்கு நாலணா. ஏற்றத்தில் மூச்சு வாங்கும், நடுவில் இறங்கிக் கரி கிளறுவார்கள், இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். கூரையில் பேஸ், கதவு, ஆம்பிளிபயர் மூன்றுக்கும் சேர்த்து ஒரு ரூபாய். "கதவு எங்க எறங்குது?" என்று கண்டக்டர் கேட்டார், பஸ்ஸே சிரித்தது.

பாதி வழியில் கிரேஸ் மெதுவாகச் சொன்னாள். "இன்னாங்க, ஒண்ணு சொல்றேன், கோச்சிக்காதீங்க. இத்தினி வருஷமா ஹால்ல பின்னாடி குந்திக்கினு உங்க கையைத்தான் பாப்பேன். கை ஆடுனா வாசிக்கிறீங்கன்னு அர்த்தம். காதுல ஒண்ணும் வுயாது. இன்னிக்கு பஜார்ல முதுகைத் திருப்பிக்கினு நடந்தேன். திரும்பியே பாக்கல. கடைசி கடை வரிக்கும் கூடவே வந்துச்சு."

டான்ஸ் முடிந்து ஒவ்வொரு தடவையும் "நல்லா இருந்துச்சு" என்று சொன்னவள் இவள். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். பஸ் கண்டக்டர் பார்த்தார், பார்த்துவிட்டுப் போகட்டும்.

போகிறவர்களுக்கு நாலு வார்த்தை. ஆவடிக்குப் போகாதீர்கள், நேரே பூந்தமல்லிக்கு பஸ் ஏறுங்கள். வெள்ளிக்கிழமை வேண்டாம், மதியத்தில் கடை சாத்தியிருக்கும். சொந்த வாத்தியத்தை வாசித்துப் பார்க்காமல் ஒரு செட்டும் எடுக்காதீர்கள். குழாய் வாங்கவே வாங்காதீர்கள், அது பாடுகிறவர்களுக்கும் ஏலம் விடுகிறவர்களுக்கும்தான். காகித ஸ்பீக்கர் எடுத்தால், அதைக் கடையில் எதில் மாட்டிக் காட்டினார்களோ அதையும் சேர்த்து விலை பேசுங்கள். கதவு கிடைக்காவிட்டால் ஆள் உயரத்துக்குக் கெட்டிப் பலகை வாங்கித் தச்சரிடம் கொடுங்கள். மெல்லிய பலகை வேண்டாம், அதுவும் சேர்ந்து பாடும். எனக்கு எல்லாம் சேர்த்து நூற்று ஐம்பது ரூபாய்க்குள் அடங்கியது.

போன சனிக்கிழமை அந்தப் பெரிய டான்ஸ் நடந்தது. மேடையில் எனக்குப் பின்னால் தாழ்ப்பாளோடு ஒரு தேக்குக் கதவு நின்றது. டியூபாக்காரர் முதல் வரிசையில் தன் குழலை மடியில் வைத்துக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தார். இரண்டாவது பாட்டின் நடுவில் பேண்டு மாஸ்டர் திரும்பி என்னைப் பார்த்தார். அவர் உள்ளங்கையைக் கீழ்நோக்கிக் காட்டி, "சத்தத்தைக் குறை" என்றார். பேஸ் வாசிக்க ஆரம்பித்ததிலிருந்து என்னிடம் யாரும் சொல்லாத வார்த்தை அது. காது கேட்காதவன் மாதிரி அந்தப் பாட்டு முழுவதும் அப்படியே வாசித்துவிட்டு, அப்புறம்தான் குறைத்தேன்.