பன்னிரண்டு பேரும் நலம்

அவனைக் கார்பன் என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். கல்லூரியில் பாதிப் பேருடைய ரெக்கார்டு நோட்டை அவரவர் கையெழுத்திலேயே எழுதிக் கொடுத்த மகான். தட்டுத் தடுமாறி டாக்டராகி, பயிற்சிக்கு ஆஸ்பத்திரியில் கால் வைத்த அதே மாதம் தொற்றும் கால் வைத்தது. ராசியான பிள்ளை என்று அம்மா மட்டும் இன்னும் நம்பிக்கொண்டிருந்தாள்.

பயிற்சி டாக்டர்கள் மொத்தம் பன்னிரண்டு பேர். பாதுகாப்பு உடைக்குள் ஆறு மணி நேரம் அவிய வேண்டும். தண்ணீர் கிடையாது. மூக்கு அரித்தால் கடவுள் விட்ட வழி. இந்த லட்சணத்தில் நிர்வாகத்துக்குத் திடீர்ப் பாசம் பொங்கி, மனநலப் படிவம் ஒன்று வந்தது. தூக்கம் கெட்டிருக்கிறதா, பசி போய்விட்டதா, உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லையா என்று ஒன்பது கேள்விகள். மதியத்துக்குள் வேண்டுமாம்.

பத்துப் பேர், நீயே போட்டு விடு என்று சொல்லிவிட்டு வார்டுக்குள் போய்விட்டார்கள். கார்பன் நாலு பேனாவோடு உட்கார்ந்தான். எல்லாவற்றுக்கும் ‘இல்லை’. சந்தேகம் வராமலிருக்க அங்கங்கே ஒரு ‘சில நாள்’. தன்னுடையதிலும் அப்படியே புளுகினான். கடைசியாக எப்போது தூங்கினான் என்று அவனுக்கே மறந்திருந்தது.

ஒருத்தி மட்டும் தானே நிரப்பி, கட்டோடு சேர்த்துவிடச் சொல்லி அவனிடம் கொடுத்திருந்தாள். அவன் வார்டிலேயே வேலை பார்க்கும் வாயாடி. ஒரு மாதமாக அவள் வாயே திறக்கவில்லை, காது தப்பித்தது என்று இவன்தான் கேலி செய்துகொண்டிருந்தான். ஒன்பது கேள்விக்கும் ‘தினமும்’ என்று போட்டிருந்தாள். கடைசிக் கேள்விக்கும்.

கார்பன் அதை இரண்டு தடவை படித்தான். ஆனால் அவளை வீட்டுக்கு அனுப்பினால் அவள் ட்யூட்டி யார் தலையில் விழும்? புதுத் தாள் எடுத்து, அவளுடைய சாய்ந்த கையெழுத்தில் ‘இல்லை, இல்லை’ என்று போட்டுக்கொண்டே போனான். பழையதைச் சுக்குநூறாகக் கிழித்தான்.

நாலாம் நாள் காலையில், கை கழுவும் இடத்தில் அவள் நின்றிருந்தாள். குழாய் அது பாட்டுக்கு ஓடியது.

“அந்த ஃபார்ம்ல எல்லாத்தையும் எழுதினேன்டா. ஒருத்தர்கூடக் கூப்பிடல. நான் இருந்தா என்ன, இல்லேன்னா என்னன்னு விட்டுட்டாங்க போல.”

கார்பன் ஜோக்கடிக்க வாயைத் திறந்தான். வேறு ஏதோ வந்தது.

“அவங்க பார்க்கவே இல்ல. நான்தான் கிழிச்சேன். உன் ட்யூட்டி என் தலையில விழும்னு.”

அறைவாள் என்று காத்திருந்தான். அறைந்திருந்தால் நிம்மதி. அவள் குழாயை மூடினாள்.

“என் கையெழுத்துலயா மாத்தி எழுதின?”

தலையாட்டினான். நடுத்தெருவில் துணியில்லாமல் நிற்பதுபோல் உடம்பெல்லாம் கூசியது.

அவனே அவளை மனநல டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனான். பன்னிரண்டும் பொய் என்றான். உன்னுடையதுமா என்று அந்தம்மா கேட்க, தரையைப் பார்த்து ஆமாம் என்றான். இதை மேலிடத்துக்குச் சொல்லாமல் இருக்க முடியாது என்றார் அவர். முதலில் அவள் உள்ளே வரட்டும், அடுத்தது நீ என்றார்.

வாயாடி கதவருகே திரும்பினாள். “உன்ன மன்னிக்கல. ஆனா நான் வெளிய வர்ற வரைக்கும் எங்கயும் போயிடாத.”

கதவு மூடியதும் செல்போன் அடித்தது. வார்டு நர்ஸ் அக்கா, ரெண்டு பேரும் எங்கே தொலைந்தீர்கள் என்றார். கைவசம் எப்போதும் பத்துப் பொய் வைத்திருப்பவன் சுவரோரம் குத்தவைத்து உட்கார்ந்தான்.

“வேற ஆள் அனுப்பச் சொல்லுங்கக்கா,” என்றான். “எங்களுக்கு முடியல.”