மாப்பிள்ளையின் அம்ப்ளிபயர்

மன்னார் பள்ளிமுனையில் எங்கள் கத்தோலிக்கக் கோயில் பாடகர் குழுவுக்குக் கிற்றார் வாசிக்கிறவன் என்றால் பல வருடங்களாக நான் ஒருவன்தான். பிறகு எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்கு யாழ்ப்பாணத்துப் பக்கமிருந்து ஒரு மாப்பிள்ளை வந்து சேர்ந்தார். கலியாணம் முடிந்து கொஞ்ச நாளில் அவருடைய சாமான்கள் லொறியில் வந்தன. அலுமாரி, கதிரைகள், சைக்கிள் எல்லாம் இறக்கியபின் கடைசியாக ஒரு கறுப்புப் பெட்டியை இரண்டு பேர் மூச்சுவாங்கத் தூக்கிக்கொண்டு போனார்கள். பழைய வால்வு அம்ப்ளிபயர். என்னைவிட வயது கூடியது. வெளிநாட்டில் இருக்கிற அவருடைய மாமா கப்பலில் அனுப்பியதாம்.

அடுத்த ஞாயிறு பூசையில் அவர் என் பக்கத்தில் இருந்து வாசித்தார். ஒரு தந்தியைத் தட்டினால் அந்த ஒலி உடனே அடங்கவில்லை. ஆளில்லாத பெரிய மண்டபத்தில் வாசித்ததுபோல நீண்டு, மெல்லக் கரைந்து போனது. அதுதான் றிவேர்ப். அந்தப் பெட்டியின் அடியில் ஸ்பிரிங் பூட்டிய ஒரு தகரத் தட்டு இருக்கும். ஒலி அந்த ஸ்பிரிங்குகளுக்குள்ளால் ஓடி வரும்போது அப்படி நீளும். என்னிடம் இருந்ததோ ஒரு சின்னப் பெட்டி. அதில் வருகிற சத்தம் தேங்காய்ச் சிரட்டையில் தட்டியதுபோல இருக்கும்.

பூசை முடிந்ததும் பாடகர் குழுவைப் பார்க்கிற சிஸ்டர் நேரே அவரிடம் போனார்.

"மோட்சத்தில இருந்து கேட்ட மாதிரி இருந்தது" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்கள் இனிக் கொஞ்சம் குறைச்சு அடியுங்கோ. அவற்ற சத்தம் கேக்கட்டும்."

அன்றிலிருந்து எனக்கு அவருடைய செருப்பைக்கூடப் பிடிக்கவில்லை. அவர் 'அண்ணை' என்று மரியாதையாகக் கூப்பிடுவது இன்னும் பிடிக்கவில்லை. ஒவ்வொரு பூசையிலும் எங்கே பிழைவிடுவார் என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் தியானப் பாட்டில் அவர் ஒரு கோர்டுக்கு விரலை மாற்றிப் பிடித்துவிட்டார். அன்று மத்தியானச் சாப்பாடு எனக்கு அப்படி ருசித்தது.

கோயில் திருநாள் கிட்டிக்கொண்டிருந்த நேரம், மன்னார் பஸ் ஸ்டாண்டுக்குக் கிட்ட இருக்கிற என் கடைக்கு முன்னால் ஓர் ஆட்டோ வந்து நின்றது. வாசலில் படுத்திருந்த கழுதை எழும்பி வழிவிட்டது. படகுகளின் ரேடியோ செட்டும் ரீவியும் திருத்துகிற கடை அது. மாப்பிள்ளை அந்தக் கறுப்புப் பெட்டியோடு இறங்கினார்.

"அண்ணை, றிவேர்ப் செத்துப் போச்சு. மற்றதெல்லாம் வேலை செய்யுது. நீங்கள்தான் பாக்கவேணும்."

கிற்றார் வயரைப் பெட்டியில் குத்தி வாசிக்கச் சொன்னேன். அவருடைய ஒலியும் என்னுடையதைப்போல வறண்டு வந்தது. மனம் குளிர்ந்தது. 'இதுக்குச் சாமான் இலங்கையில இல்லைத் தம்பி' என்று ஒரு வசனம் நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் நம்பியிருப்பார். ஆனால் அந்தப் பெட்டிக்குள் என்னதான் இருக்கிறது என்று பார்க்கிற ஆசை அதைவிடப் பெரிதாக இருந்தது.

"வைச்சிட்டுப் போங்கோ" என்றேன்.

முதலில் றிவேர்ப் குமிழைக் கூட்டி வைத்துவிட்டுப் பெட்டியை மெல்ல ஆட்டினேன். ஸ்பிரிங்குகள் அடிபட்டு ஸ்பீக்கரில் இடி முழங்கியதுபோலச் சத்தம் வரவேண்டும். ஒன்றும் வரவில்லை. ஆகவே தட்டிலிருந்து ஒலி திரும்பி வருகிற வழியில்தான் கோளாறு. பெட்டியை நிறுத்தி, சூடு ஆறவிட்டு, அந்த வழியில் இருக்கிற கண்ணாடி வால்வைக் கழற்றி அதே இனத்தில் வேறொன்று போட்டேன். மாற்றமில்லை. அடுத்ததாக, தட்டிலிருந்து திரும்பி வருகிற வயரை உருவி அதன் நுனியை விரலால் தொட்டேன். ஸ்பீக்கர் 'ம்ம்ம்' என்று இரைந்தது. அப்படியென்றால் வயரிலிருந்து ஸ்பீக்கர்வரை எல்லாம் சரி. மிஞ்சியது தட்டு மட்டும்தான்.

தட்டை வெளியே எடுத்து மல்ரிமீற்றர் பிடித்தேன். தட்டின் இரு முனையிலும் இருக்கிற கம்பிச் சுருள்களில் ஒன்று கணக்குக் காட்டியது. மற்றப் பக்கம் முள் அசையவேயில்லை. பூதக்கண்ணாடியால் பார்த்தபோது மயிர் மாதிரி ஒரு கம்பி பச்சை பிடித்து அறுந்து கிடந்தது. எங்கள் உப்புக் காற்று. படகு ரேடியோக்களில் நான் தினமும் பார்க்கிற வியாதிதான். பச்சையைச் சுரண்டி, ஒரு பொட்டு ஈயம் வைத்தேன். முள் எழும்பியது. எல்லாவற்றையும் பூட்டிப் பெட்டியை ஆட்டினேன். கடை அதிர இடித்தது.

சோதித்துப் பார்க்கவேண்டும் என்று எனக்கே ஒரு சாட்டுச் சொல்லி, பின்னேரம் அதை வீட்டுக்குக் கொண்டு போனேன். என் கிற்றாரைக் குத்தி, கண்ணை மூடிக்கொண்டு திருவிருந்துப் பாட்டை வாசித்தேன். என் விரலிலிருந்து அப்படியொரு சத்தம் வந்து நான் கேட்டதில்லை.

குசினியிலிருந்து மனைவி குரல் கொடுத்தாள். "இஞ்சேருங்கோ, மாப்பிள்ளைக்குத் தேத்தண்ணி போடவோ?"

நான் வாசித்துக்கொண்டே இருந்தேன். அவளே எட்டிப் பார்த்தாள். "நீங்களோ! அவர் வந்து அடிக்கிறார் எண்டெல்லோ நினைச்சன்."

அவள் சந்தோஷமாகத்தான் சொன்னாள். எனக்கோ அதற்குமேல் வாசிக்க மனம் வரவில்லை.

மறுநாள் மாப்பிள்ளை வந்து வாசித்துப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணை, இதில ரெண்டு கிற்றார் குத்தலாம். திருநாளுக்கு நீங்களும் இதிலயே அடியுங்கோ."

திறந்து பார்த்தவன் நான். வயர் குத்துகிற இரண்டு துளைகளில் ஒரு பக்கத்துக்கு மட்டும்தான் றிவேர்ப் உண்டு. எனக்குத் தருகிற பக்கம் வறண்ட பக்கம் என்று எனக்குத் தெரியும். அவர் அதை யோசித்துச் சொல்லவில்லை. ஆனாலும் ஒத்திகையில் என்னால் பொறுக்க முடியவில்லை.

"தம்பி, திருநாளுக்கு நான் உங்கட பக்கத்தில குத்தட்டோ?"

"அதுக்கென்ன அண்ணை" என்று சிரித்துக்கொண்டே தன் வயரை உருவி மற்றப் பக்கத்தில் குத்தினார். அவர் முகத்தில் ஒரு சுணக்கத்தைத் தேடினேன். இல்லை. என்னிடம் யாராவது அப்படிக் கேட்டிருந்தால் ஆயிரம் சாட்டுச் சொல்லியிருப்பேன். அந்த நினைப்பு என்னை இன்னும் எரித்தது.

திருநாள் பூசையில் என் ஒலி கோயில் கூரைவரை போய்த் திரும்பி வந்தது. அவர் வறண்ட சத்தத்தில், ஒலி நீளாத இடங்களையெல்லாம் சின்னச் சின்ன விரல் ஓட்டங்களால் நிரப்பிக்கொண்டிருந்தார்.

முடிந்ததும் சிஸ்டர் முதலில் என்னிடம் வந்தார். நான் எழும்பி நின்றேன்.

"பெட்டியைத் திருத்தினது நீங்களாமே. பெரிய உதவி" என்றார். பிறகு மாப்பிள்ளை பக்கம் திரும்பி, "காணிக்கைப் பாட்டில என்ன செய்தனீங்கள்? எனக்கு அழுகை வந்திட்டுது."

நான் குனிந்து வயர்களைச் சுற்றத் தொடங்கினேன்.

இப்போதும் இருவரும் அந்த ஒரே பெட்டியில்தான் வாசிக்கிறோம். றிவேர்ப் பக்கம் பெரும்பாலும் எனக்குத்தான், கேட்டால் தருகிறார். போன கிழமை, வெட்கத்தை விட்டு, காணிக்கைப் பாட்டில் செய்ததைக் காட்டும்படி கேட்டேன். வீட்டுக்கு வந்து என் கிற்றாரை மடியில் வைத்து, விரல் விரலாகக் காட்டித் தந்தார். அவர் போனபின் நுனிவிரல் நோகும்வரை வாசித்துப் பார்த்தேன். வரவில்லை. பொறாமை அப்படியே இருக்கிறது. நாளைக்கும் வரச் சொல்லியிருக்கிறேன்.