கையுறை போட்ட சீமாட்டி

இடது கையுறை ஏறியதும் வாயிலிருக்கும் மிட்டாயைக் கடித்து விழுங்குவார். வலது கையுறையும் ஏறியதும் நிலைக்கண்ணாடியைப் பார்த்து, "சரி, செத்தாச்சு" என்பார். அதன்பிறகு அவர், நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் இந்த மாளிகையைக் கட்டிய சீமாட்டி.

பகலில் அவர் பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுப்பவர். கன்னம் வீங்கி வருகிறவர்களிடம், "பேசாதீங்க, தலையை மட்டும் ஆட்டுங்க" என்று அதட்டியே பாதி வேலையை முடித்துவிடுவார். வருஷத்தில் நான்கைந்து மாலைகள், ஏதாவது நல்ல காரியத்துக்கு நிதி திரட்ட மாளிகையைத் திறக்கும்போது சீமாட்டியாக வருவார். சீமாட்டி எழுதிய கடிதங்கள் அத்தனையும் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். கையுறை கையில் இருக்கும்வரை மின்சாரம் தெரியாது, போன் தெரியாது. ஒருமுறை ஒரு விருந்தாளி சரவிளக்கைக் காட்டி மடக்கப் பார்த்தார். "மெழுகு உருகவே இல்லையே! எந்தக் கடையில் வாங்கினீர்கள்?" என்று இவர் திருப்பிக் கேட்க, மனிதர் அசடு வழிந்தார்.

கணவர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், கூச்ச சுபாவம். கொண்டுவந்து விடுவதோடு சரி, வாசலில் காருக்குள்ளேயே குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருப்பார். "உள்ள போனா என்னையும் ஏதாவது வேஷம் கட்ட வெச்சிருவா" என்று பயம்.

இந்த முறை நிதி, பெரிய ஆஸ்பத்திரியின் குழந்தைகள் வார்டுக்குக் கூரை போட. அதே ஆஸ்பத்திரியில்தான் மகள், மதியமே வலி கண்டு, தலைப்பிரசவத்துக்குப் படுத்திருந்தாள். நகரமாட்டேன் என்று நின்ற அம்மாவை அவள்தான் விரட்டினாள்.

"போம்மா! மாப்பிள்ளை இருக்காருல்ல? நீ இருந்தா டாக்டரையே டோக்கன் எடுக்கச் சொல்லுவ."

செய்தி வந்தால் சொல்லும்படி போனைக் கணவரிடம் கொடுத்துவிட்டு உள்ளே வந்தார். படிக்கட்டின் கதையைச் சொன்னார், ஓவியங்களின் கதையைச் சொன்னார். கண் மட்டும் வாசலிலேயே இருந்தது. ஒருநாளும் தடுமாறாதவர், பியானோவை இரண்டு தடவை அறிமுகம் செய்தார். தேதி ஒன்று பிசகினாலும் விடாத மாளிகைச் செயலாளர் புருவத்தை உயர்த்தினார்.

கடைசியாக, விருந்தினர் எல்லோரும் கண்கலங்கும் இடம் வந்தது.

"எனக்குப் பிள்ளைகள் இல்லை. இந்த வீடுதான் என் பிள்ளை" என்றார் சீமாட்டி.

அப்போது கதவு திறந்தது. பரிமாறுகிறவர் ஒருவரிடம் இரவல் வாங்கிய கறுப்புக் கோட்டு, பொத்தான் போட முடியாமல் தொப்பையில் திறந்து கிடக்க, கையில் வெள்ளித் தட்டுடன் கணவர் வந்தார். தட்டில் துணி போட்டு மூடிய போன். மனைவியின் விதியை மீறக்கூடாது என்று காரில் உட்கார்ந்து ஒத்திகை பார்த்திருப்பார் போலிருக்கிறது. பாவம், சீமாட்டிக்குப் பிள்ளையில்லை என்பது மட்டும் அவருக்குத் தெரியாது.

"அம்மணி," என்று தொண்டையைச் செருமினார். "தங்கள் திருமகள்... தங்கள் திருமகளுக்கு... அடியே, பொண்ணு பொறந்திருக்குடி! ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க!"

செயலாளர் சரித்திரத்தைத் திருத்த வாயைத் திறந்தார்.

"பேசாதீங்க, தலையை மட்டும் ஆட்டுங்க" என்றார் சீமாட்டி. பிறகு வலது கையுறையை விரல் விரலாகக் கழற்றிச் செயலாளரிடம் கொடுத்துவிட்டு, வெறுங்கையைத் தட்டை நோக்கி நீட்டினார்.