ஒன்பதாம் கல்

தொண்ணூற்றொன்றாம் ஆண்டு எங்கள் ஊரில் நூற்றுப் பதினேழு வீடுகள் இருந்தன. படப்பையிலிருந்து ஒரகடம் போகும் சாலையை விட்டு உள்ளே தள்ளி, மேற்கே ஏரிக்கரையும் மற்ற மூன்று பக்கமும் வேர்க்கடலைக் கொல்லையுமாகக் கிடந்த ஊர். வீட்டுக் கணக்கில் நான் தப்பமாட்டேன். கிளைத் தபால் நிலையம் என் வீட்டு முன்னறையில்தான் நடந்தது. போஸ்ட் மாஸ்டராக இருப்பவர் ஊருக்குள் தானே இடம் காட்ட வேண்டும் என்பது அந்த வேலையின் நிபந்தனை. வீடு இருக்கும்வரைதான் வேலை. வீடு போனால் இரண்டும் போகும்.

ஆனி மாதக் கடைசியில் ஒரு ஜீப் வந்தது. தொழிற்சாலைகள் வரப்போகின்றன, அவற்றுக்குப் புதிதாகச் சாலை போடுகிறார்கள் என்று ஏற்கெனவே பேச்சு இருந்தது. ஒரு சர்வேயரும் மூன்று ஆட்களும் இறங்கினார்கள். சங்கிலி பிடித்து அளந்து, முழங்கால் உயரக் கருங்கற்களை வரிசையாக நட்டுக்கொண்டு வந்தார்கள். ஒவ்வொரு கல்லிலும் சிவப்புப் பெயின்டில் ஓர் எண். சாலையின் நடுக்கோடு அது. இரண்டு நாளில் எட்டுக் கல். மூன்றாம் நாள் காலை ஒன்பதாவதை என் வீட்டுக்கு எதிரே இருந்த களத்தில், வேப்பமரத்தடியில் நட்டார்கள். மீதிக் கல் வர மூன்று வாரம் ஆகும் என்று சொல்லிவிட்டுச் சாமான்களை ஏற்றினார்கள்.

நான் ஏழாம் கல்லிலிருந்து எட்டுக்கு நடந்தேன். அறுபது தப்படி. எட்டிலிருந்து ஒன்பதுக்கும் அறுபது. ஒன்பதிலிருந்து அதே நேர்கோட்டில் எண்ணிக்கொண்டே போனேன். ஐம்பத்திரண்டில் என் வாசற்படி வந்தது. அறுபதை முடித்தபோது முத்திரை குத்தும் மேசைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன்.

ஓடிப்போய் ஜீப்பை நிறுத்தினேன். சர்வேயர் நல்ல மனிதர். என்ஜின் மூடிமேல் நீல வரைபடத்தை விரித்துக் காட்டினார். ஏரி இருந்தது. மணிமங்கலம் இருந்தது, சேரப்பணஞ்சேரி இருந்தது. எங்கள் ஊர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் தாள். நூற்றுப் பதினேழு வீடுகளில் ஒன்றுகூட இல்லை. கோடு அந்த வெறும் இடத்தின் வழியாக நேராகப் போயிற்று.

"நான் கல்லு நடறவன் சார்," என்றார் அவர். "கோடு போட்டவங்க ஊரப் பாத்துப் போடல. பழைய மேப்ப வச்சுக்கினு ஆபீஸ்ல குந்திக்கினு போட்டாங்க."

அன்றிலிருந்து வீட்டை எண்ண ஆரம்பித்தேன். உத்தரக் கட்டைகளை எண்ணினேன், பதினான்கு. கூரை ஓடுகளை எண்ணினேன், வரிசை தவறியதால் மறுபடி எண்ணினேன். ஏரிக்கரைப் பக்கம் லாரிச் சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடி வந்து பார்ப்பேன். என் மனைவி, ஓடுகளை எண்ணினால் ரோடு நின்றுவிடுமா என்று கேட்டாள். நான் மறுபடி முதல் வரிசையிலிருந்து ஆரம்பித்தேன்.

ஆடி முதல் வெள்ளி. ஊரின் மறுகோடியில் இருந்த அம்மன் கோயிலில் கூழ் வார்த்தார்கள். பெண்கள், ஆண்கள் எல்லாரும் அங்கே போய்விட்டார்கள். எங்கள் தெருவில் நான் மட்டும். நான் பக்திமான் இல்லை. பேப்பர் படிக்கிறவன், வெள்ளிக்கிழமை விளக்குக்குக் கும்பிடு போடுவதோடு சரி. பூஜை மாடத்திலிருந்து மஞ்சள் தூளை எடுத்துக் குழைத்தேன். களத்துக்குப் போய் ஒன்பதாம் கல் முழுக்க, அந்தச் சிவப்பு எண் மறையும்வரை பூசினேன். குங்குமம் வைத்தேன். ஒரு கொத்து வேப்பிலை ஒடித்துச் சொருகினேன். திரும்பி வந்து கை கழுவினேன். மொத்தம் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

சாயங்காலம் அங்கே இரண்டு விளக்குகள் எரிந்தன. மஞ்சள் பூசியது கூழ் ஊற்றப் போன பெண்களில் யாரோ என்று ஒவ்வொருவரும் மற்றவரை நினைத்துக்கொண்டார்கள். இரண்டாம் வெள்ளி அங்கேயும் ஒரு கூழ்ப்பானை வந்தது. மேலத்தெருவில் ஒரு பெண்மணிக்கு, தான் அந்தக் கல்லில் வந்து இறங்கியிருப்பதாக அம்மன் கனவில் சொன்னாளாம். சர்க்கார் நட்ட கல் என்று எல்லாருக்கும் தெரியும். அதனால் ஒன்றும் குறையவில்லை. மூன்றாம் வெள்ளிக்குள் மஞ்சள் துணி சாத்தி, எல்லையம்மன் என்று பெயரும் வைத்துவிட்டார்கள். நான் கிட்டே போகவில்லை. என் கை விரல் நகங்களில் மஞ்சள் இன்னும் போகாமல் இருந்தது. புளி போட்டுத் தேய்த்தேன்.

சர்வேயர் திரும்பி வந்தார். கூட வந்த ஆட்கள் கல்லைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றினார்கள். கடப்பாரையைத் தொட ஒருவரும் இல்லை. அவரே ஒரு கட்டிக் கற்பூரம் ஏற்றினார். பிறகு வரைபடத்தை விரித்து, பென்சிலால் கோட்டை மெல்ல வளைத்தார். மேற்கே ஏரிக்கரை, அந்தப் பக்கம் வளைக்க முடியாது. கிழக்கே வளைத்தார். கோயில் இருப்பதாக எழுதிவிட்டால் மேலே யாரும் கேட்கமாட்டார்கள் என்றார்.

பத்தாம் கல்லைப் பக்கத்து வீட்டு மாட்டுக்கொட்டகைக்குள் நட்டார்கள்.

என் வீட்டுச் சுவரிலிருந்து அந்தக் கொட்டகை இருபத்து மூன்று தப்படி. எல்லாவற்றையும் எண்ணிய நான் அந்தத் திசையில் மட்டும் எண்ணியிருக்கவில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் என்னைவிட ஆறு வயது இளையவர். இரண்டு ஜோடி மாடு, கொஞ்சம் கடலைக் கொல்லை. மறுநாள் காலை மனு எழுத என்னிடம்தான் வந்தார். ஊரில் எல்லா மனுவும் நான்தான் எழுதுவேன். வெள்ளைத்தாளை எடுத்து வைத்தேன். நகத்து மஞ்சள் தெரியாதபடி விரல்களைத் தாளுக்கு அடியில் மறைத்துக்கொண்டேன். கோட்டைப் பழையபடி நேராக்கச் சொல்லி எழுதவா என்று கேட்டேன். எப்படிக் கேட்டேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

"அப்டி எழுதாதணா," என்றார். "நேராப் போனா உன் வூடு போயிடும். அம்மா என் வூட்டக் கேட்டுக்கினு வந்து நிக்குது. நீ இன்னா பண்ணுவ, நான் இன்னா பண்ணுவேன்? கடல பறிக்கற வரைக்கும் டைம் மட்டும் கேளு."

அதைத்தான் எழுதினேன். ஒன்பது வரி.

கடலை பறித்த மறுவாரம் அவர் வீட்டை இடித்தார்கள். அவர் ஊருக்குக் கிழக்கே போய், ஒரு கூரை போட்டுக்கொண்டார். என் வாசலிலிருந்து முந்நூற்று நாற்பது தப்படி. சாலை வந்தது. நேராக வந்த லாரிகள் எல்லையம்மனிடம் வந்ததும் பிரேக் போட்டு வளைந்தன. வேகம் குறைகிற இடம் என்பதால் பஸ்ஸிலிருந்து ஆட்கள் அங்கே இறங்கிக்கொண்டார்கள். இறங்குகிறவர்களுக்காக ஒரு டீக்கடை. டீக்கடைக்கு எதிரே பஞ்சர் கடை. பிறகு கம்பெனி பஸ்கள் ஷிப்டுக்கு ஆள் ஏற்ற அங்கேயே நின்றன. நிற்கிறவர்கள் பக்கத்தில் குடியிருக்க விரும்பினார்கள். கொல்லைகளில் பத்துப் பத்து அறைகளாக வரிசை வீடுகள் எழுந்தன. திருநெல்வேலிப் பேச்சு, மதுரைப் பேச்சு, பிறகு எனக்குப் புரியாத பேச்சு. தொள்ளாயிரம் கதவுவரை எண்ணினேன். அதற்குமேல் கடிதங்களில் கதவு எண்ணே வரவில்லை, 'எல்லையம்மன் வளைவு அருகில்' என்று வந்தது. பல வருடம் கழித்து ஒரு புது நகர வரைபடம் வந்தது. அதில் அந்த வளைவைச் சுற்றிச் சிவப்பாகத் தீட்டி, வணிகப் பகுதி என்று எழுதியிருந்தார்கள். அதைத் திட்டமிட்டவர்கள் எந்த ஆபீசிலும் இல்லை. பத்து நிமிடப் பயம் ஒன்றுதான் அதைத் திட்டமிட்டது.

பக்கத்து வீட்டுக்காரருக்குக் கோயிலில் முதல் மரியாதை கொடுத்தார்கள். வீட்டையே அம்மனுக்குக் கொடுத்தவர். தினமும் காலை ஆறு மணிக்கு விளக்கேற்றுவது அவர். முப்பது வருடத்துக்கு மேல் என் ஜன்னலிலிருந்து அந்த விளக்கைப் பார்த்தேன். என்றாவது அவர் திரும்பி என் ஜன்னலைப் பார்த்தால் சட்டென்று சுவரோரம் ஒதுங்கிக்கொள்வேன்.

போன வருடம் மறுபடி கல் நட்டார்கள். வளைவை அகலப்படுத்துகிறார்கள். கோயிலைப் பெயர்த்து எதிர்ப்பக்கம் வைக்க வேண்டும். அதற்கு ஒரு படிவம். அதை எடுத்துக்கொண்டு அவர் என்னிடம் வந்தார். ஆறாவது கேள்வி: கோயில் யாரால் நிறுவப்பட்டது? பெயர் இல்லாமல் கொடுத்தால் மாற்று இடம் தரமாட்டார்கள் என்று கிளார்க் சொல்லி அனுப்பியிருந்தார்.

"தானா வந்துச்சு. அத எப்டிணா எழுதறது?" என்றார்.

எனக்கு எண்பத்தொரு வயது. பேனா அந்தக் கட்டத்தில் நின்றது. வேறு யார் பெயரையாவது எழுதியிருக்கலாம். செத்தவர்கள் எத்தனையோ பேர். என் பெயரை எழுதினேன். அவர் ஐந்தாவதுவரை படித்தவர். கண்ணருகே வைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாகப் படித்தார்.

"இது உன் பேராச்சே."

"ஆமா," என்றேன். "நான்தான் மஞ்சள் பூசினேன். அந்த மொத வெள்ளி. எல்லாரும் கூழுக்குப் போயிருந்தப்ப."

அவர் மறுபடி அந்தக் கட்டத்தைப் பார்த்தார். வெளியே வளைவில் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. பதினேழு எண்ணினேன். அதன்பின் படிவத்தை இரண்டாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

"எனக்கு முட்டி வலிக்குது," என்றார். "இனிமே காலைல நீ வந்து வெளக்கு ஏத்து."

கல் இப்போது எதிர்ப்பக்கத்தில், அவருடைய கொட்டகை இருந்த மண்ணில் மிச்சமான ஒரு துண்டில் நிற்கிறது. தினமும் ஆறு மணிக்கு நான் எண்ணெய்க் கிண்ணத்தோடு சாலையைக் கடக்கிறேன். முப்பத்தெட்டு தப்படி. வளைவு என்பதால் வருகிற லாரி கடைசிவரை கண்ணுக்குத் தெரியாது, சத்தம் மட்டும் வரும். நடுவில் நின்று, கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சத்தம் எந்தப் பக்கம் என்று கேட்கிறேன். அவர் எதிரே டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். நான் கடந்து முடிக்கும்வரை பார்ப்பார். கல்லை இடம் மாற்றி இன்றோடு நாற்பத்தொரு நாள். மஞ்சளைப் பற்றி அவர் இன்னும் கேட்கவில்லை.