இன்னும் எத்தனை நாள் என்று கேட்டவர்

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பனமரத்துப்பட்டி அருகே ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தின் கூரைக்குக் கான்கிரீட் போட்டுக்கொண்டிருந்தோம். கலவை வண்டி இரண்டாவது நடை வந்து நின்றபோது என் கைபேசி அடித்தது. சுகந்தியின் கணவர் சிவகுமார். என்னை அதிகம் அழைக்காதவர். எடுப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

"சார், சுகந்தி காலையில போயிட்டாளுங்க," என்றார். "நாலு மணிக்கு எடுக்கறோம். முடிஞ்சா வாங்க."

கான்கிரீட்டைப் பாதியில் நிறுத்த முடியாது. மேஸ்திரி கோவிந்தனிடம் மட்டும் சொன்னேன். அவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். "அம்மிணி இருந்தா, போட்டு முடிச்சுட்டு வாங்கன்னுதான் சொல்லும்," என்றார். முடித்துவிட்டு இருவரும் திருச்செங்கோட்டுக்குக் கிளம்பினோம். போய்ச் சேரும்போது மூன்றரை மணி.

இதைப் படிக்கும் உங்களில் பலர் சுகந்தியோடு வேலை செய்தவர்கள். அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சேலம் ஃபேர்லேண்ட்ஸில் இருக்கும் எங்கள் கட்டுமான நிறுவனத்தில் பதினோரு ஆண்டுகள் திட்டமிடும் பொறியாளராக இருந்தார். எந்த வேலை எப்போது தொடங்கும், எப்போது முடியும், அதற்கு யார் வேண்டும் என்பதையெல்லாம் கணினியில் போட்டுப் பார்க்கிற வேலை. நான் அதே நிறுவனத்தின் சைட் இன்ஜினியர். சுகந்தி என்னைவிட நான்கு வயது இளையவர். போகிற வயதில்லை.

அவர் வருவதற்கு முன்பே அதற்கான மென்பொருள் எங்களிடம் இருந்தது. கட்டட வேலை கொடுப்பவர்கள் கேட்கிறார்கள் என்பதற்காக முதலாளி வாங்கிப்போட்டது. வண்ண வண்ணக் கோடுகளாக ஒரு அட்டவணை அடித்து, பெரிய தாளில் எடுத்து, முதலாளியின் நாற்காலிக்குப் பின்னால் ஒட்டிவைப்போம். வேலை தாமதமானால் தேதிகளை மாற்றிப் புதிய தாள் ஒட்டுவோம். அதனால் சுவரில் இருக்கும் தாளின்படி எங்கள் நிறுவனத்தில் எந்த வேலையும் ஒருநாளும் தாமதமானதில்லை.

சுகந்தி சேர்ந்த முதல் வாரம் அந்தக் கோப்பைத் திறந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார். "ஏனுங்க சார், இதுல எது எதுக்காகக் காத்திருக்குதுன்னு ஒண்ணுமே இல்லீங்களே? எல்லாம் தனித்தனிக் கோடா நிக்குது."

"கோடு போட்டாப் போதாதுங்களா?"

"கோடு போடறதுக்குப் பென்சிலு போதுமுங்க," என்றார்.

கிண்டலாகச் சொல்லவில்லை. அடுத்த மூன்று வாரம் தன் ஸ்கூட்டரில் ஒவ்வொரு சைட்டாகப் போனார். கம்பி கட்டுகிறவர்களிடம் உட்கார்ந்து, இந்த வேலைக்கு முன்னால் எது முடிந்திருக்க வேண்டும், எத்தனை ஆள், உண்மையில் எத்தனை நாள் என்று கேட்டு எழுதினார். பொறியாளர்களான எங்களிடம் அவர் முதலில் கேட்கவில்லை என்பதில் எனக்கு வருத்தம்கூட இருந்தது. கோவிந்தன் மேஸ்திரி அவரிடம், "ஆடிப் பண்டிகைக்கு நாங்க ஒரு வாரம் வரமாட்டமுங்க. ஊருக்கே தெரியும். உங்க கம்ப்யூட்டருக்குத் தெரியலயாக்கும்?" என்று கேட்டிருக்கிறார். சுகந்தி அங்கேயே மடிக்கணினியைத் திறந்து அந்த ஒரு வாரத்தை விடுமுறையாகப் போட்டார். கோவிந்தனின் ஊர் மாரியம்மன் நோன்பையும் போட்டார். ஞாயிற்றுக்கிழமை மட்டுமே விடுமுறை என்று நம்பிக்கொண்டிருந்த எங்கள் அட்டவணை அன்றுதான் முதல்முறையாக இந்த ஊருக்கு வந்து சேர்ந்தது.

சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு அவரிடமிருந்து அழைப்பு வரும். மூன்றே கேள்வி. எப்போது ஆரம்பித்தீர்கள், முடிந்திருந்தால் எப்போது முடிந்தது, முடியவில்லை என்றால் இன்னும் எத்தனை நாள். நாங்கள் எண்பது சதவீதம், தொண்ணூறு சதவீதம் என்று சொல்லிப் பழகியவர்கள். அவர் அதை எடுத்துக்கொள்ளவே மாட்டார். "பர்சண்டேஜ் வேண்டாமுங்க சார். தொண்ணூறுன்னு சொன்ன வேலை அங்கயே ஒரு மாசம் நிக்குது. இன்னும் எத்தனை நாளுன்னு மட்டும் சொல்லுங்க."

நான் அவரிடம் ஒருமுறை பொய் சொன்னேன். அதை இங்கே எழுதாவிட்டால் இந்த அஞ்சலிக்குப் பொருளில்லை.

நாமக்கல்லிலிருந்து திருச்செங்கோடு போகும் சாலையில் ஒரு கல்யாண மண்டபம் கட்டிக்கொண்டிருந்தோம். உரிமையாளர் ராமசாமி, ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகள் வைத்திருப்பவர். மண்டபத்தின் முதல் கல்யாணம் தன் மகளுடையதாக இருக்க வேண்டும் என்று வைகாசியில் முகூர்த்தம் குறித்துவிட்டார். அழைப்பிதழில் மண்டபத்தின் பெயரும் அச்சாகிவிட்டது. அந்தச் சமயத்தில் இரண்டு தூண்களுக்கான குழியில் பாறை வந்துவிட்டது. வெடி வைக்க முடியாத இடம். உடைத்து உடைத்து எடுக்க வேண்டியிருந்தது. ஆத்தூரில் நடந்துகொண்டிருந்த இன்னொரு வேலை என்னுடையதைவிட வேகமாகப் போவதாக அலுவலகத்தில் பேச்சு. சனிக்கிழமை சுகந்தி கேட்டபோது, "தூண் எல்லாம் முடிஞ்சது. திங்கக்கிழமை சென்ட்ரிங் ஆளுங்களை அனுப்பலாம்," என்றேன். ஞாயிற்றுக்கிழமையும் ஆள் போட்டு எப்படியாவது முடித்துவிடலாம் என்று நினைத்தேன்.

பாறை முடியவிட்டால்தானே. திங்கட்கிழமை ஆத்தூர் வேலையை நிறுத்திவிட்டு, கூரைக்குப் பலகை அடிக்கும் ஆட்கள் பதினொரு பேரும் முட்டுக்கொடுக்கும் சாமான்களோடு வந்து இறங்கினார்கள். வேலை இல்லை. மூன்று நாள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். நான்காம் நாள் வேறு ஒப்பந்தக்காரரிடம் போய்விட்டார்கள். அவர்களைத் திரும்பப் பிடிப்பதற்குள் பன்னிரண்டு நாள் போயிற்று.

சுகந்தி சைட்டுக்கு வந்தார். உடைந்த பாறையைப் பார்த்தார். சத்தம் போடுவார் என்று காத்திருந்தேன்.

"பாறைன்னு சொல்லியிருந்தா ஆத்தூர் ஆளுங்களை அசைச்சிருக்கவே மாட்டேனுங்க சார்," என்றார். "நீங்க பொய் சொன்னதுல எனக்குக் கோபமில்லீங்க. உண்மையைச் சொன்னா என்கிட்டப் பேச்சு வாங்கணும்னு நெனச்சீங்க பாருங்க, அதுதான் எனக்கு ஒரு மாதிரியா இருக்குது."

அவர் மென்பொருளில் ஒவ்வொரு வேலைக்கும் பக்கத்தில் குறிப்பு எழுத இருக்கும் இடத்தைத் திறந்தார். எங்களில் யாரும் அதைப் பயன்படுத்தியதில்லை. "தாமதத்துக்குக் காரணம் எழுதணுமுங்க. நீங்களே சொல்லுங்க."

"பாறை. ரெண்டு தூண். நான் மறைச்சுட்டேன்," என்றேன்.

அவர் தட்டச்சு செய்ததை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். 'இரண்டு தூண் குழிகளில் பாறை. அடுத்த வேலைக்கு முன்பே மண் சோதனை எடுக்கவும்.' அவ்வளவுதான். நான் கடைசியாகச் சொன்னதை எழுதவில்லை. திங்கட்கிழமைக் கூட்டத்தில் அதை நானே முதலாளியிடம் சொன்னேன். சொல்லும்போது சுகந்தி என் பக்கம் திரும்பவே இல்லை. தாளில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். அது எனக்குச் செய்த மரியாதை என்று பிறகுதான் புரிந்தது.

பன்னிரண்டு நாள் போனதன் பலன் கூரை போட்ட பிறகு தெரிந்தது. நீளமான உத்தரங்கள் உள்ள கூடம் அது. கான்கிரீட் போட்டபின் அதை அடியில் தாங்கும் முட்டுகள் இருபத்தொரு நாள் நிற்க வேண்டும். அதற்குப் பிறகுதான் உள்ளே தரை போட முடியும். கணக்குப் பார்த்தால் முகூர்த்தத்துக்கு ஒன்பது நாள் குறைந்தது. முதலாளி எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"பன்னெண்டு நாள்ல முட்டுகளைப் பிரிச்சுருங்க. ஒண்ணும் ஆகாது. சுகந்தி, நீ கம்ப்யூட்டர்ல அந்த இருபத்தொண்ணை மாத்திரும்மா."

"அந்த நாளு என்னுது இல்லீங்க சார். கான்கிரீட்டோடது," என்றார் சுகந்தி.

"நான் சொல்றேன்ல. மத்ததை நான் பாத்துக்கறேன்."

"மாத்தறனுங்க. ஆனா யாரு மாத்தச் சொன்னாங்கன்னு பக்கத்துல எழுதிருவேன். அடியில எழுநூறு பேரு உக்காருவாங்க சார்."

குரல் உயரவில்லை. முதலாளி என்னைப் பார்த்தார். வழக்கமாக அவர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுகிறவன் நான். அன்று ஆட்டவில்லை. "வேற வழி இருந்தாச் சொல்லு," என்று கடைசியில் அவரே இறங்கிவந்தார். சுகந்தி இரண்டு நாள் கேட்டார்.

மறுநாள் காலை சைட்டில், டைல்ஸ் பெட்டிகளை அடுக்கி அதன்மேல் மடிக்கணினியை வைத்தார். என்னையும், தரை போடுகிறவரையும், எலக்ட்ரீஷியனையும், கோவிந்தன் மேஸ்திரியையும் சுற்றி உட்காரவைத்தார். முகூர்த்த நாளிலிருந்து பின்னோக்கி ஒவ்வொரு வேலையாகக் கேட்டுக்கொண்டே வந்தார். "இது ஏன் அதுக்காகக் காத்திருக்குது?" ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்ல வேண்டும். சாப்பாட்டுக் கூடத்தின் தரை, பெரிய கூடத்தின் தரைக்குப் பிறகு என்று இருந்தது. ஏன் என்று கேட்டார். தரை போடுகிறவர் யோசித்தார்.

"எப்பவும் பெரிய ஹாலுதானுங்க முதல்ல போடுவோம்."

"சாப்பாட்டுக் கூடம் தனிக் கூரைதானுங்களே. அங்க முட்டு எடுத்து ஒரு வாரம் ஆச்சு."

"அதுவும் சரிதானுங்க. நாளைக்கே ஆரம்பிக்கலாம்."

அந்த ஒரு இணைப்பை எடுத்ததும் திரையில் ஆறு நாள் குறைந்தது. நான் அதைக் கண்ணால் பார்த்தேன். அதுவரை அந்த மென்பொருள் எனக்குக் கோடு போடுகிற கருவிதான். யோசிக்காமல் பழக்கத்தால் செய்கிற காரியங்களை அது காட்டிக்கொடுக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. ஆனால் கேட்பதற்கு ஓர் ஆள் வேண்டும்.

மீதி மூன்று நாளுக்கு அவர் ராமசாமி வீட்டுக்கே போனார். நானும் கூடப் போனேன். "கல்யாணத்தன்னிக்கு உங்களுக்கு என்னென்ன கண்டிப்பா வேணுமுங்க?" என்று கேட்டார். ராமசாமி கோபமாகத்தான் இருந்தார். எல்லாம் வேண்டும் என்றார். அவர் மனைவி உள்ளேயிருந்து வந்து, "மண்டபம், சமையக்கட்டு, பந்தி, தண்ணி, கக்கூசு. மாடி ரூமு எதுக்குங்க? நம்ம ஊடு பக்கத்துலதானே இருக்குது," என்றார். மாடி அறைகள் அட்டவணையில் கல்யாணத்துக்குப் பின்னால் போயின. அங்கிருந்த பெயிண்டர்கள் கீழே வந்தார்கள். முட்டுகள் இருபத்தொரு நாளும் நின்றன.

அந்தக் கல்யாணத்துக்கு நாங்கள் இருவரும் போனோம். மாடிப்படிச் சுவருக்குப் பூச்சு முடியாததால் தென்னங்கீற்றுத் தோரணம் கட்டி மறைத்திருந்தார்கள். பந்தியில் எங்களுக்கு எதிரே வந்து நின்ற ராமசாமி, "அம்மிணிக்கு இன்னொரு கரண்டி பாயாசம் உடுங்க," என்று பரிமாறுகிறவரிடம் சொன்னார். சுகந்தி இலையை மறைத்துக்கொண்டே சிரித்தார். அவர் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது குறைவு.

பிறகு பல வேலைகள். சுவரில் தாள் ஒட்டுவது நின்றுபோயிற்று. முதலில் போட்ட திட்டத்தை அழிக்காமல் அப்படியே வைத்து, நடந்ததை அதன் கீழே போடும் வழக்கம் வந்தது. "தப்பாப் போன தேதிதானுங்க நமக்கு வாத்தியாரு. அதை அழிச்சுப்போட்டா அடுத்த தடவையும் அதையேதான் போடுவோம்," என்பார். உங்களில் சிலருக்கு அது எரிச்சலாகக்கூட இருந்திருக்கும். எனக்கும் இருந்தது. அவரிடம் விட்டுக்கொடுக்காத குணம் ஒன்று உண்டு. ஒரே ஒரு நாள் விடுப்பைக் குறிக்க மறந்ததற்காக என்னை இரண்டு முறை அழைத்திருக்கிறார்.

நோய் தெரிந்தது சென்ற ஆண்டு. சிகிச்சைக்கு நடுவிலும் வீட்டிலிருந்து வேலை பார்த்தார். முடியாமல் போனபோது தானே நிறுத்திக்கொண்டார். கடைசியாக நான் போய்ப் பார்த்தது இறப்பதற்கு மூன்று வாரம் முன்பு. சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மகள் பக்கத்தில் படித்துக்கொண்டிருந்தாள். அலுவலகக் கதைகளைச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தவர், மகள் எழுந்து உள்ளே போனதும் சொன்னார்.

"டாக்டருகிட்ட எத்தனை நாளுன்னு கேட்டேனுங்க சார். எனக்குத் தெரியாதும்மான்னாரு. அதுக்கு முன்னாடி ரெண்டு டாக்டருக, பயப்படாதீங்க, சரியாயிரும்னாங்க. இவரு தெரியாததைத் தெரியாதுன்னாரு. அதுக்கப்புறந்தானுங்க எனக்குத் தூக்கம் வந்துச்சு."

"ஏதாவது வேணுங்களா?" என்றேன். "ஒண்ணும் வேண்டாமுங்க. வந்தீங்கல்ல, அது போதும்," என்றார். சிவகுமார் காபி கொண்டுவந்தார். குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

அவர் இடத்துக்கு இன்னும் ஆள் வரவில்லை. சனிக்கிழமை விவரங்களை இப்போதைக்கு நான்தான் வாங்கிப் போடுகிறேன். மென்பொருளில் என் கை இன்னும் தடுமாறுகிறது. போன வாரம் மேட்டூர்ப் பக்கம் ஒரு வேலையைப் பார்க்கும் இளம் பொறியாளர் ரேவதிக்குப் போன் செய்யப் போனேன். அதற்குள் அவரே அழைத்துவிட்டார்.

"சார், நான் நாலு நாள் பின்னாடி இருக்கேன். தப்பு என்னுதுதான்," என்றார்.

என் வாயில் ஒரு கடுஞ்சொல் வந்துவிட்டது. முப்பது வருடப் பழக்கம். அதைச் சொல்லவில்லை. "சரிம்மா. சொன்னது நல்லதாப் போச்சு. என்ன நடந்துச்சுன்னு சொல்லு, எழுதிக்கறேன்," என்றேன். அந்தப் பக்கம் ரேவதி மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. பிறகு ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார்.

சுகந்தியிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தக் கடுஞ்சொல்லுக்கும் என் பதிலுக்கும் நடுவே இருந்த சின்ன இடைவெளி. இந்த வயதில் அது எனக்குத் தானாக வந்திருக்காது.