தேங்காயோடு விகாரைக்குப் போனவன்

எங்கள் அடுக்குமாடி வீட்டின் சமையலறை ஜன்னலைத் திறந்தால் பிரிக்பீல்ட்ஸ் மகா விகாரையின் அரசமரம் தெரியும். ஒவ்வொரு விசாக தினத்தன்றும் அங்கே போடும் இலவசச் சாப்பாட்டு வரிசையில் முதல் பத்துப் பேரில் நான் இருப்பேன். சாப்பிட்டுவிட்டு இரண்டு பொட்டலம் தாப்பாவ் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவேன். ஐம்பத்தேழு வயதாகிறது, புத்தர் இருக்கும் மண்டபத்துக்குள் மட்டும் ஒரு நாளும் கால் வைத்ததில்லை. இந்த லட்சணத்தில்தான் நான் போன ஆண்டு வெளியூர்க்காரர்களுக்குக் கோயில் காட்டக் கிளம்பினேன்.

கிள்ளான் பக்கம் நான் ஸ்டோர் பார்த்துக்கொண்டிருந்த தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். எட்டு மாதம் சும்மா இருந்தேன். என் மனைவி சாந்தமேரி ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கடைசியில் அமுதவள்ளி என்ற பெண் நடத்தும் சின்ன டிராவல்ஸில் வேன் ஓட்டக் கூப்பிட்டார்கள்.

"அங்கிள், மெட்ராஸ்லேர்ந்து ஒரு மேடம் வராங்க. ரெண்டு நாள், பழைய புத்தர் கோயிலெல்லாம் பாக்கணுமாம்" என்றாள் அமுதவள்ளி. "மொத நாள் அவங்களுக்கு உங்கள புடிச்சிருந்தா ரெண்டாவது நாளும் நீங்கதான், வேலையும் கன்ஃபர்ம். இல்லன்னா வேற ஆள் போட்டுடுவேன் லா. பிரிக்பீல்ட்ஸ்காரர்தானே, கோயிலப் பத்தித் தெரியுமில்ல?"

"கண்ண மூடிக்கிட்டே சொல்லுவேன்" என்றேன்.

வந்தவர் பெயர் மலர்விழி. பெரம்பூர்க்காரர், வங்கி அதிகாரி, நாற்பது வயதிருக்கும். கையில் ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் வைத்திருந்தார்.

முதலில் குன்றின் மேலிருக்கும் தியான் ஹோ கோயிலுக்குப் போனோம். "முந்நூறு வருஷத்துக் கோயில் மேடம். சீனவங்களோட மாரியம்மன்னு வச்சுக்குங்களேன்" என்று எடுத்துவிட்டேன். உண்மையில் நான் பள்ளிக்கூடம் முடிக்கிற காலத்தில் லோரி லோரியாக மணல் அந்தக் குன்றுமேல் ஏறியது. நின்று வேடிக்கை பார்த்தவனே நான்தான்.

"எண்பதுகள்ல கட்டினதுன்னு படிச்சேனே சார்" என்றார் மெதுவாக.

"அது பெயின்ட் அடிச்சது மேடம்."

அவர் நோட்டில் ஏதோ எழுதினார். வேலை போச்சு என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எப்படியாவது அவர் மனதைப் பிடிக்க வேண்டும். விகாரைக்குப் போகும் வழியில் லிட்டில் இந்தியாவில் வேனை நிறுத்தி, தேங்காய், வாழைப்பழம், வெற்றிலை, கற்பூரம் எல்லாம் வைத்து ஒரு அர்ச்சனைத் தட்டு வாங்கினேன். நான் லியனார்ட், ஞானஸ்நானம் வாங்கியவன். ஆனால் இவர் தமிழ்நாட்டுக்காரர், பெயரோ மலர்விழி. வேறு என்ன வேண்டியிருக்கும் என்பது என் கணக்கு.

விகாரை வாசலில் தேங்காயைக் கையில் எடுத்தேன். "மேடம், நமக்கும் புத்தருக்கும் சம்பந்தமில்ல. இருந்தாலும் கும்பிட்டுக்கலாம், தப்பில்ல. ஒடைக்கவா?"

அவர் பதில் சொல்வதற்குள், பூ மேசையில் இருந்த சீன ஆன்டி என்னைப் பார்த்துவிட்டார். முகம் மலர, மலாயும் ஆங்கிலமும் கலந்து உரக்கச் சொன்னார்: "அங்கிள், விசாகம் இன்னும் வரலையே. இன்னைக்குச் சாப்பாடு இல்ல."

எனக்கு அங்கேயே பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. மலர்விழி சிரிக்கவில்லை. ஆன்டியிடம் இரண்டு தாமரை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். மண்டியிட்டு மூன்று முறை வணங்கினார். பிறகு புத்தகம் எதுவும் பார்க்காமல், எனக்குப் புரியாத மொழியில் நிதானமாக ஓதினார். நான் தேங்காயைச் சட்டைக்குள் மறைத்தபடி வாசற்படியில் நின்றேன்.

வெளியே வந்ததும் கேட்டேன். "மேடம், நீங்க இந்து இல்லையா?"

"இல்ல சார். நாலு தலைமுறையா நாங்க பௌத்தருங்க. எங்க தாத்தா காலத்துலயே பெரம்பூர்ல விகாரை இருந்துச்சு."

"தமிழவங்களா இருந்துக்கிட்டுப் புத்தரா?"

கேட்ட பிறகுதான் என் குரல் என் காதில் விழுந்தது. பள்ளிக்கூட வாத்தியாரிலிருந்து முடிவெட்டுகிறவர் வரை என் வாழ்நாள் முழுக்க என்னிடம் கேட்ட அதே குரல். "தமிழனா இருந்துக்கிட்டு லியனார்டா?" ஒவ்வொரு முறையும் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். அன்று அதையே நான் இன்னொருவரிடம் கேட்டிருக்கிறேன். மிகவும் வெட்கமாக இருந்தது.

"மன்னிச்சிருங்க மேடம், சர்ச்சுக்குப் போற என்கிட்டயும் இப்படித்தான் கேப்பாங்க" என்றேன். "முந்நூறு வருஷம் பொய், பெயின்டும் பொய். இங்க நான் சாப்பாட்டு வரிசைக்கு மட்டுந்தான் வந்திருக்கேன்."

அவர் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டார். "சாப்பாடு எப்படி இருக்கும் சார்?"

அது எனக்குத் தெரியும். எந்தப் பக்க வரிசை சீக்கிரம் நகரும், கொண்டைக்கடலைக் குழம்பு எத்தனை மணிக்கு வரும், யார் கரண்டி தாராளமான கரண்டி என்று கால் மணி நேரம் பேசினேன். அன்று நான் சொன்ன உண்மை அவ்வளவுதான். அத்தனையையும் அவர் நோட்டில் எழுதிக்கொண்டார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து தேங்காயைச் சாந்தமேரியிடம் கொடுத்தேன். அவள் தேங்காயையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள், தேங்காய் உடைக்க அரிவாளை எடுத்தாள். துருவிச் சட்னி அரைத்துக்கொண்டிருந்தபோது அமுதவள்ளியிடமிருந்து போன் வந்தது.

"அங்கிள், என்ன பண்ணீங்க? உங்களுக்கு ஒண்ணுமே தெரியலன்னு மேடம் சொல்றாங்க."

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"ஆனா நாளைக்கும் நீங்கதான் வரணுமாம். ஒம்போது மணிக்கு. அவங்க உங்களுக்கு ஊரச் சுத்திக் காட்டணுமாம்."

மறுநாள் எட்டரைக்கே ஹோட்டல் வாசலில் வேனோடு நின்றேன். மலர்விழி ஏறி உட்கார்ந்ததும், "மொதல்ல எங்க போறோம் மேடம்?" என்று கேட்டேன்.

"உங்க சர்ச்சுக்கு" என்றார். "அங்கயாவது உள்ள போயிருக்கீங்களா சார்?"

"போயிருக்கேன் மேடம்" என்றேன். "கடைசி பெஞ்சு வரைக்கும்."